வருமான வரிக் கணக்கும் வரியில்லாப் படிகளும்: ராமநாதபுரம் கடற்கரை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் பி.காம். மாணவர்களுக்கு மாலையில் வருமான வரிப் பாடம் எடுக்கிறேன். கீழக்கரை, மண்டபம், தொண்டி, சாயல்குடி என்று நாலா திசையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். ஒருவருடைய அப்பா துபாயில் இருப்பார், ஒருவர் வீட்டில் மிளகாய்க் காடு இருக்கும், இன்னொருவர் வீட்டில் படகு. அதனால் புத்தகத்தில் இருக்கிற கேள்வியோடு வீட்டுக் கணக்கும் சேர்ந்தே வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த ஆண்டுச் சட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

இந்தப் பக்கத்தில் உள்ள கணக்கெல்லாம் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு உரியவை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி முந்தைய ஆண்டு (வருமானம் ஈட்டிய ஆண்டு) 2025-26, வரி மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு) 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் இந்த இரட்டை ஆண்டுக் குழப்பம் இல்லை, ‘வரி ஆண்டு’ ஒன்றுதான். பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. நான் கீழே சொல்லும் எண்கள் பழைய சட்டத்தின் எண்கள். கீழே ‘புதிய முறை’, ‘பழைய முறை’ என்று வருபவை வேறு சட்டங்கள் அல்ல, அந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே வரி கணக்கிட உள்ள இரண்டு வழிகள்.

சீனியரிடம் வாங்கிய புத்தகத்தில் புதிய முறையின் முதல் அடுக்கு (ஒரே விகிதத்தில் வரி போடும் வருமானப் பகுதி) 3 லட்சம் என்று இருந்தால் அது முந்தின ஆண்டுகளுக்கானது. கணக்குப் போடும் முன் அட்டையில் வரி மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள்.

விலக்கு, கழிவு, தள்ளுபடி மூன்றும் ஒன்றுதானே? மூன்றுமே வரியைக் குறைக்கின்றன.

ஒன்றல்ல. மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பாம்பன் கரையில் படகு வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக் குழம்புக்கு என்று கொஞ்சம் மீனை முதலிலேயே தனியாக எடுத்து வைப்பார்கள். அது ஏலத்துக்கே வராது. விலக்கு என்பது அதுதான். பிரிவு 10-இல் வருகிற வருமானம் கணக்குக்குள்ளேயே நுழைவதில்லை. விவசாய வருமானம், வீட்டு வாடகைப் படியில் ஒரு பகுதி, பணிக்கொடையில் வரம்புக்கு உட்பட்ட தொகை எல்லாம் இந்த வகை.

அப்புறம் ஏலம் போன தொகையிலிருந்து டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். அது கழிவு. பணம் கணக்குக்குள் வந்துவிட்டது, வந்த பிறகு குறைக்கிறோம். சம்பளத்தில் நிலையான கழிவு (பிரிவு 16), வாடகை வருமானத்தில் 30 சதவீதம் (பிரிவு 24), பிறகு 80சி (சேமிப்பு), 80டி (மருத்துவக் காப்பீடு) போன்றவை.

எல்லாம் முடிந்து கொடுக்க வேண்டிய தொகையும் தெரிந்த பிறகு, “சரி, இவ்வளவை விட்டுவிடுகிறேன்” என்று குறைப்பது தள்ளுபடி. பிரிவு 87ஏ அப்படித்தான் வேலை செய்கிறது. அது வருமானத்தைத் தொடுவதில்லை, போட்ட வரியைத்தான் குறைக்கிறது.

வரிசை இதுதான்: விலக்கு, தலைப்புக்குள் கழிவு, ஐந்து தலைப்புகளையும் (சம்பளம், வீட்டு வாடகை, தொழில், மூலதன லாபம், இதர வருமானம்) கூட்டுதல், 80-வரிசைக் கழிவு, அடுக்குப்படி வரி, தள்ளுபடி, கடைசியில் 4 சதவீத செஸ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் தீர்வை). (50 லட்சத்துக்கு மேல் போனால் செஸ்ஸுக்கு முன் கூடுதல் வரியும் உண்டு.) செஸ்ஸைப் போட்டுவிட்டுத் தள்ளுபடியைக் கழிக்கிற விடைத்தாள்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். ஒரு வரி இடம் மாறியதால் விடை தவறிப் போகிறது.

புதிய முறை அடுக்குகளை எப்படி நினைவில் வைப்பது?

நான்கு நான்கு லட்சமாகப் போகிறது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. ஒவ்வொரு அடுக்கும் நிறைந்தால் வரி முறையே 0, 20,000, 40,000, 60,000, 80,000, 1,00,000. இந்த ஆறு எண்களைப் பாடம் செய்துவிட்டால் கடைசி அடுக்கை மட்டும் பெருக்கினால் போதும்.

புதிய முறையில் வயது வேறுபாடு கிடையாது. 25 வயதுக்காரருக்கும் 82 வயதுப் பாட்டிக்கும் அதே 4 லட்சம்தான். பழைய முறையில்தான் 60 வயதுக்குக் கீழே 2.5 லட்சம், 60 முதல் 80 வரை 3 லட்சம், அதற்கு மேல் 5 லட்சம் என்ற பிரிவு இருக்கிறது. பழைய முறை விகிதங்கள்: 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30.

12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அப்படியானால் 4 லட்சம் அடுக்கு எதற்கு?

நல்ல கேள்வி. வரி விலக்கு வரம்பு 4 லட்சம்தான். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாத, இந்தியாவில் வசிப்பவரான தனிநபருக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைக்கிறது. 12 லட்சத்துக்கு அடுக்குப்படி வரி 20,000 + 40,000 = 60,000. அது முழுக்கத் தள்ளுபடியாகி பூஜ்யமாகிறது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்வதால் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி வராது.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி கட்டும் வருமானத்துக்கு, புதிய முறையில் இந்தத் தள்ளுபடி பொருந்தாது. இரண்டு, 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் என்ன ஆகும் என்பது.

மொத்த வருமானம் 12,10,000 என்று வையுங்கள். அடுக்குப்படி வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபத்தோராயிரம் வரி கேட்டால் அது நியாயமில்லை. அதனால் விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்தைத் தாண்டிய தொகையை விட வரி கூடக் கூடாது. தாண்டியது 10,000, ஆகவே வரி 10,000. மீதி 51,500 நிவாரணம். செஸ் 400 சேர்த்துக் கட்ட வேண்டியது 10,400. சுமார் 12,70,588 வரை இந்த நிவாரணம் வேலை செய்யும், அதற்கு மேல் தானாகவே நின்றுவிடும். ஏன் அந்த எண் என்று கேட்டால், 60,000-உடன் தாண்டிய தொகையின் 15 சதவீதத்தைக் கூட்டியது, தாண்டிய தொகைக்கே சமமாகும் இடம் அது. ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எந்தெந்தப் படிக்கு வரி இல்லை?

முதலில் பஞ்சப்படி. அதற்கு முழு வரி உண்டு, எந்த முறையிலும் விலக்கு இல்லை. மருத்துவப்படி, நகர ஈட்டுப்படி, கூடுதல் நேரப்படி இவற்றுக்கும் அப்படித்தான்.

பழைய முறையில் பகுதி விலக்கு உள்ளவை: வீட்டு வாடகைப் படி, குழந்தைகள் கல்விப்படி (ஒரு குழந்தைக்கு மாதம் 100 ரூபாய்), விடுதிப்படி (மாதம் 300 ரூபாய்). இவை இரண்டும் அதிகபட்சம் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். கணக்கில் மூன்று குழந்தைகள் கொடுத்து மூன்றாவதைக் கவனிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். நான் படிக்கும்போது அதே இடத்தில் மூன்றையும் கழித்துவிட்டு மதிப்பெண்ணை விட்டேன். அந்த விடைத்தாளில் இருந்த சிவப்பு வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

புதிய முறையில் இவை மூன்றுமே போய்விட்டன. மிஞ்சியவை மாற்றுத்திறனாளி ஊழியருக்கான போக்குவரத்துப்படி (மாதம் 3,200 வரை), அலுவலக வேலையாகப் போகும்போது தரும் பயணப்படி, தினப்படி போன்றவை. பணிக்கொடைக்கும் விடுப்பு ஒப்படைப்புத் தொகைக்கும் (எடுக்காத விடுப்புக்குத் தரும் பணம்) இரண்டு முறையிலும் விலக்கு உண்டு. அரசு அல்லாத ஊழியர்களுக்கு முதலாவதன் உச்சவரம்பு 20 லட்சம், இரண்டாவதன் உச்சவரம்பு 25 லட்சம்.

வீட்டு வாடகைப் படிக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.

மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு: உண்மையில் வாங்கிய படி, கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி, சம்பளத்தின் 40 சதவீதம். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கு மட்டும் 50 சதவீதம். ராமநாதபுரமோ ராமேஸ்வரமோ மதுரையோ, எல்லாம் 40-தான். சம்பளம் என்றால் இங்கே அடிப்படைச் சம்பளம், ஓய்வூதியப் பலனுக்குக் கணக்கில் வரும் பஞ்சப்படி, விற்பனையில் நிலையான சதவீதமாக வரும் கமிஷன். வேறு எதையும் சேர்க்கக் கூடாது.

மண்டபத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவர். மாதம் அடிப்படை 30,000, பஞ்சப்படி 6,000 (ஓய்வூதியப் பலனுக்கு உண்டு), வீட்டு வாடகைப் படி 8,000, வாடகை 9,000. ஆண்டுச் சம்பளம் 4,32,000. வாங்கிய படி 96,000. வாடகை 1,08,000-இல் 43,200 போனால் 64,800. நாற்பது சதவீதம் 1,72,800. குறைந்தது 64,800, அதுதான் விலக்கு. மீதி 31,200 வரிக்கு வரும்.

இனி தேர்வில் வருகிற திருப்பம். அவர் டிசம்பர் முடிந்ததும் சொந்த வீட்டுக்குக் குடி போய்விட்டார். அப்போது ஆண்டு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது, வாடகை கொடுத்த ஒன்பது மாதத்தைத் தனியாகப் போட வேண்டும். சம்பளம் 3,24,000, படி 72,000, வாடகை 81,000 கழித்தல் 32,400 = 48,600, நாற்பது சதவீதம் 1,29,600. விலக்கு 48,600. சொந்த வீட்டில் இருந்த மூன்று மாதப் படிக்கு விலக்கே இல்லை. ஆக 47,400 வரிக்கு வரும். வாடகை, சம்பளம், படி, ஊர் நான்கில் எது மாறினாலும் கணக்கை அந்த மாதத்தில் வெட்டுங்கள்.

பழைய முறை, புதிய முறை, எது லாபம்?

வாயால் சொல்ல முடியாது, இரண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ராமேஸ்வரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தனியார் நிறுவன மேலாளரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை 9,60,000, பஞ்சப்படி 2,40,000 (ஓய்வூதியப் பலனுக்கு உண்டு), வீட்டு வாடகைப் படி 1,44,000. மொத்தம் 13,44,000. வாடகை மாதம் 15,000. தொழில் வரி 2,500. தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கின்றன. 80சி சேமிப்பு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000.

புதிய முறை: 13,44,000-இல் நிலையான கழிவு 75,000 போக 12,69,000. வேறு எதுவும் கழியாது. வரி 20,000 + 40,000 + 10,350 = 70,350. இது 12 லட்சத்தைத் தாண்டிய 69,000-ஐ விடக் கூடுதல். ஆகவே விளிம்பு நிவாரணம் 1,350, வரி 69,000. செஸ் 2,760. கட்ட வேண்டியது 71,760.

பழைய முறை: வாடகைப் படி விலக்கு 60,000 (1,80,000 கழித்தல் 1,20,000). மீதி 12,84,000. நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500 போக 12,31,500. 80சி 1,50,000, 80டி 25,000 போக 10,56,500. வரி 12,500 + 1,00,000 + 16,950 = 1,29,450. செஸ் 5,178. மொத்தம் 1,34,628, பத்தின் மடங்காக்கினால் 1,34,630.

இவருக்குப் புதிய முறையில் 62,870 ரூபாய் மிச்சம். பெரிய வீட்டுக் கடன் வட்டியும் பெரிய வாடகையும் இருப்பவருக்குப் பழைய முறை ஜெயிக்கலாம். இப்போது புதிய முறைதான் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படும். பழையது வேண்டும் என்றால் கேட்டு வாங்க வேண்டும். கேள்வித்தாளில் எந்த முறை என்று சொல்லாவிட்டால் பிரிவு 115பிஏசி-யின்படி புதிய முறை என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கள் வீட்டில் மிளகாய்க் காடு, மாமா வீட்டில் உப்பளம், பக்கத்து வீட்டில் படகு. இதில் எது விவசாய வருமானம்?

மிளகாய் மட்டும்.

நிலத்தை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி எடுத்தது விவசாய வருமானம். பிரிவு 10(1)-இல் முழு விலக்கு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வலிநோக்கம் பக்கம் கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி எடுக்கும் உப்பு அப்படியல்ல. பாத்தி கட்டுகிறோம், நீர் பாய்ச்சுகிறோம், வெயிலில் முதுகு வெந்து வாருகிறோம், ஆனாலும் அங்கே எதுவும் பயிராவதில்லை. அது தொழில் வருமானம். மீன்பிடியும் தொழில்தான். தானாக முளைத்து நிற்கும் மரங்களை விற்றாலும் விவசாய வருமானம் ஆகாது. நிலத்தில் மனித உழைப்பு போட்டு அடிப்படை வேலைகள் செய்திருக்க வேண்டும் என்று 1957-இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் பெயரை விடையில் எழுதுங்கள்.

விலக்கு என்றாலும் மிளகாய்ப் பணம் விகிதத்தைத் தீர்மானிக்க எட்டிப் பார்க்கும். விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானமும் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மற்ற வருமானம் 14,00,000, மிளகாய் 2,00,000 என்று வைப்போம். 16,00,000-க்கு வரி 1,20,000. மிளகாய்ப் பணத்தோடு 4 லட்சம் வரம்பைக் கூட்டிய 6,00,000-க்கு வரி 10,000. வித்தியாசம் 1,10,000, செஸ்ஸோடு 1,14,400. மிளகாய் இல்லாமல் இருந்திருந்தால் செஸ்ஸுக்கு முன் 90,000-தான் வந்திருக்கும்.

அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அனுப்பும் பணத்துக்கு இங்கே வரி உண்டா?

கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைக் கேட்கும்போது குரலில் ஒரு பயம் இருக்கும், அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இந்தியாவில் ‘வசிக்காதவர்’ நிலையில் இருந்தால் அங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அவர் அம்மாவுக்கும் உங்களுக்கும் அனுப்புவது உறவினர் தரும் பணம், அதற்கும் வரி இல்லை. ஆனால் அப்பா கொடுத்த பணத்தை அம்மா வங்கியில் போட்டு வட்டி வந்தால், அந்த வட்டி அப்பாவின் வருமானத்தோடு சேரும் (பிரிவு 64).

வசிக்காதவரா என்பதை நாட்களை எண்ணித்தான் சொல்ல வேண்டும். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், போகிற ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால் வசிக்காதவர். காலண்டரை எடுங்கள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. கூட்டினால் 153. செப்டம்பர் 28-இல் விமானம் ஏறினால், புறப்படும் நாளையும் சேர்த்து 181. வசிக்காதவர். மறுநாள் 29-இல் ஏறினால் 182. வசிப்பவர் ஆகிவிடுவார், மீதி ஆறு மாதம் கத்தாரில் வாங்கும் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டிவரும். ஒரே ஒரு நாள்தான். டிக்கெட் போடும் முன் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

அங்கேயே வேலையில் இருப்பவர் விடுமுறைக்கு வந்து போனாலும் 182 நாள்தான் அளவு. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளையும் பார்க்க வேண்டும். மேலும் அப்படித் தாண்டியவர், வேறெந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத குடிமகன் என்றால், 6(1ஏ) பிரிவையும் படித்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள வருமானத்துக்கு அவர் வரி கட்டியாக வேண்டும், அப்போது 87ஏ தள்ளுபடி கிடையாது. கீழக்கரையில் ஒரு கட்டடம், ஆண்டு வாடகை 4,80,000, கட்டிய நகராட்சி வரி 10,000. மீதி 4,70,000-இல் 30 சதவீதம் 1,41,000 போக 3,29,000. என்.ஆர்.ஓ. கணக்கு (வசிக்காதவர் இந்தியாவில் வரும் பணத்தைப் போடும் வங்கிக் கணக்கு) வட்டி 2,00,000. மொத்தம் 5,29,000. புதிய முறையில் வரி 6,450, செஸ் 258, ஆக 6,710. இதே தொகை ஊரில் இருப்பவருக்கு என்றால் வரி பூஜ்யம். என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் கணக்கு) வட்டிக்கு விலக்கு உண்டு.

தாத்தாவுடைய ஓய்வூதியம் என்ன தலைப்பு?

தாத்தா வாங்கினால் சம்பளம், 75,000 நிலையான கழிவு உண்டு. அவருக்குப் பின் பாட்டி வாங்கினால் குடும்ப ஓய்வூதியம், ‘இதர வருமானம்’. கழிவு மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது (பழைய முறையில் 15,000).

வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் போட வேண்டாமா?

வேண்டும். 80-வரிசைக் கழிவுக்கு முன் உள்ள வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினாலே போட வேண்டும். தள்ளுபடியால் பூஜ்யமானது வேறு விஷயம். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும்.

எந்தத் தொகையை எப்போது பத்தின் மடங்காக முழுமையாக்குவது?

மொத்த வருமானத்தை ஒரு தடவை, கடைசியில் கட்ட வேண்டிய வரித் தொகையை ஒரு தடவை. இரண்டும் பத்தின் மடங்கு. இடையில் வரும் தொகைகளைத் தொட வேண்டாம். வாடகைப் படிக்கான மூன்று தொகைகளையும் குறிப்புக் கணக்காக விடைத்தாளிலேயே எழுதுங்கள். இறுதி விடை தவறினாலும் அதற்கு மதிப்பெண் விழும்.

எனக்கு வரும் கல்வி உதவித்தொகைக்கு வரி உண்டா?

இல்லை. படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகை பிரிவு 10(16)-இல் முழு விலக்கு, செலவழித்தது போக மிஞ்சினாலும் விலக்குதான். கணக்கில் வந்தால் ‘விலக்கு’ என்று எழுதி, தொகைப் பத்தியில் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.